தினமும் காலையில் தண்ணி அடிப்பவர்

என் மாமாவைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தூறல் என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகில் டேங்க்கை மாட்டிக்கொண்டு அவர் நடந்து போனால், தையற்கடைக்காரர் மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தாமலேயே, "தூறல் வருது, கொடியில காயறதை எல்லாம் எடுங்க" என்பார். மாமா சிரிக்கவும் மாட்டார், கோபித்துக்கொள்ளவும் மாட்டார். வருடக்கணக்காக ஒரே நகைச்சுவையைச் சொல்லிக்கொண்டிருக்கும் மனிதருக்கு எதைத் திருப்பிச் சொல்வது?

மாமாவின் வேலை மருந்து அடிப்பது. சொந்த நிலம் கிடையாது. யார் வயலில் பூச்சி விழுந்தாலும், யார் வரப்பில் களை மண்டினாலும் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் என் அம்மாவின் தம்பி. பள்ளிக்கூடம் அருகில் என்பதால் அவர் வீட்டில் தங்கித்தான் படித்தேன். படிப்பு முடிந்த பிறகும், அடுத்து என்ன என்று யாரும் முடிவு செய்யாததால், அங்கேயே இருக்கிறேன். வீட்டில் மாமா, அத்தை, நான் மூன்று பேர்தான்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை. அதில் இரண்டு டேங்க்குகள் எதிரெதிர்ச் சுவர்களில் தொங்கும். நீல டேங்க் பூச்சி மருந்துக்கு, வெள்ளை களைக்கொல்லிக்கு. அவற்றின் குழாய்கள், ரப்பர் வாசர்கள், மூடிகள் எதுவும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. களைக்கொல்லி கொஞ்சம் தங்கியிருக்கிற டேங்க்கில் பூச்சி மருந்தை ஊற்றி அடித்தால், பூச்சி பிழைத்துக்கொள்ளும், பயிர் போய்விடும் என்பார். ஒருநாள் நான் கூட்டிப் பெருக்கும்போது இரண்டையும் ஒரே மூலையில் வைத்துவிட்டேன். மாமா திட்டவில்லை. வெள்ளையை எடுத்து எதிர்ச்சுவரில் மாட்டிவிட்டு, "சண்டை போட்ட சம்பந்திங்க மாதிரி. எதிரெதிரா உட்கார வெச்சாதான் வீடு நிம்மதியா இருக்கும்" என்றார்.

மாலையில் வீடு திரும்பியதும் அவர் முதலில் குளிப்பதில்லை, டேங்க்கைத்தான் குளிப்பாட்டுவார். நல்ல தண்ணீரை ஊற்றிக் குலுக்கி, அதைக் குழாய் வழியாகவே வெளியேற்றுவார். அந்தத் தண்ணீரைச் சாக்கடைப் பக்கம் விடமாட்டார். வயலிலேயே ஒரு சுற்று கழுவிவிட்டு வருவார், வீட்டில் இன்னொரு சுற்று. குழலின் நுனியில் மருந்தைத் துளியாக்கும் நாசிலைக் கழற்றிப் பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்ப்பார். ஊசி, கம்பி, முள் எதுவும் அதன் துளைக்குள் போகக் கூடாது. ஊசி விட்டால் துளை பெரிதாகிவிடும், அப்புறம் அது நாசில் இல்லை, வெறும் ஓட்டை என்பார். கடைசியாகக் குழலைத் தலைகீழாகத் தொங்கவிடுவார். அதன் பிறகுதான் குளியல். கழற்றிப் போட்ட சட்டையை அத்தை மற்றத் துணிகளோடு சேர்க்க மாட்டாள். என் துணியில் பட்டுவிடக் கூடாது என்று தனி வாளியில் ஊறவைத்து, கையால் கசக்கித் துவைப்பாள்.

காலையில் நடப்பது இன்னும் முக்கியமானது. கிளம்பும் முன் டேங்க்கில் வெறும் தண்ணீரை ஊற்றி, பிடியை அடித்து அழுத்தம் ஏற்றி, இடது புறங்கையில் தெளித்துப் பார்ப்பார். கண்ணை மூடிக்கொள்வார். கண் ஏமாற்றிவிடும், வெயிலில் எல்லாமே புகை மாதிரிதான் தெரியும் என்பது அவர் கட்சி. கை சொல்வதற்கு அவரிடம் மூன்று சொற்கள் இருந்தன. மாவு என்றால் துளி பொடியாக விழுகிறது, இலையின் அடியிலும் போய் உட்காரும். ஊசி என்றால் துளை தேய்ந்துவிட்டது, துளிகள் பெரிதாகக் குத்துகின்றன. எச்சில் என்றால் அடைப்பு, விட்டுவிட்டுத் துப்புகிறது. அத்தை அடுப்படியிலிருந்தே கேட்பாள்: "இன்னிக்கு என்ன?" அவர் "மாவு" என்றால் அன்று வீட்டில் யாரும் எதுவும் பேசலாம். "எச்சில்" என்றால் தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவது நல்லது.

கையுறை போடமாட்டார். கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த ஒரு ஜோடி, பிரிக்காத பையோடு ஆணியில் தொங்கியது. "இதைப் போட்டா கை ஊமையாயிடும்" என்பார்.

போன வருடம் ஒருநாள் அவர் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்ததும், வழக்கமில்லாத வழக்கமாக, அவரே ஒரு கதை சொன்னார். நர்ஸ் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டே வந்தாளாம். தண்ணி அடிப்பீங்களா என்று கேட்டாளாம். இவருக்கு மனசெல்லாம் நாசிலில். தினமும் காலையில அடிப்பேன் என்று சொல்லியிருக்கிறார். அவள் நிமிர்ந்து பார்த்து, காலையிலயேவா என்றிருக்கிறாள். ஆமாம், தண்ணி அடிச்சுப் பாக்காம வேலைக்குப் போனா சரியா வராது என்றிருக்கிறார். டாக்டர் அரைமணி நேரம் அறிவுரை சொல்லி, குடியை நிறுத்தச் சொல்லி, சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினாராம்.

வாழ்க்கையில் ஒரு சொட்டு குடிக்காத மனிதர். அத்தை சிரித்துச் சிரித்து இருமினாள். கதை தையற்கடைக்குப் போயிற்று, அங்கிருந்து ஊருக்கெல்லாம். எதற்காக அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கதை அவ்வளவு நன்றாக இருந்தது.

தக்காளித் தோட்டம் வைத்திருப்பவரை எல்லோரும் தோட்டத்து அண்ணன் என்பார்கள். மாமாவுக்குப் பாதி வேலை அவரிடம்தான். அவர் ஒருநாள் வந்து, பேட்டரியில் ஓடும் புது ஸ்பிரேயர் வாங்கப் போவதாகச் சொன்னார். மாமாதான் பார்த்து எடுத்துக் கொடுக்க வேண்டும். எடுத்துக் கொடுத்தால், அந்த மெஷினை ஓட்டும் வேலையும் அவருக்கே. நிரந்தரமாக, மாதச் சம்பளத்தில். இனி யார் கூப்பிடுவார்கள் என்று வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டாம். மழை மாதத்தில் கடன் கேட்டு நடக்க வேண்டாம். "எனக்கு மெஷின் தெரியாது. உன் கை தெரியும். உன் கை சொல்றதை எடுத்துக்கறேன்" என்றார் அவர்.

மாமா சரி என்றார். அவர் சந்தோஷமாக இருந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. அன்று மாலை அவர் ஒரு சின்ன வாசரைப் பொருத்த வெகு நேரம் எடுத்துக்கொண்டார். அது விரலிலிருந்து கீழே விழுந்தபடியே இருந்தது. கடைசியில் பல்லால் கடித்துப் பிடித்துப் பொருத்தினார்.

தோட்டத்து அண்ணனின் வண்டியில் இடம் இருந்ததால் அத்தையும் நானும் டவுனுக்குக் கூடவே போனோம். அத்தைக்குத் துணி எடுக்க வேண்டியிருந்தது. ஆனால் மாமா எங்களைத் துணிக்கடையில் இறங்க விடவில்லை. "முதல்ல இதை முடிச்சிடலாம்" என்றார்.

ஸ்பிரேயர் கடை நீளமாக, இருட்டாக, ரப்பர் வாசனையோடு இருந்தது. கடைக்காரர் முதலில் காட்டிய மெஷினில் பக்கத்தில் ஒரு விளக்கு எரிந்தது. இருட்டிலும் வேலை செய்யலாம் என்றார். "பூச்சிக்கு வெளிச்சம் எதுக்கு? அதுக்கு வழி தெரியும்" என்று மாமா அதை ஒதுக்கினார்.

மற்ற இரண்டை நிதானமாகப் பார்த்தார். பட்டையைத் தோளில் போட்டு, அகலம் போதுமா, கொக்கி எலும்பில் இடிக்கிறதா என்று பார்த்தார். டேங்க்கின் வாய்க்குள் முழங்கை வரை விட்டுப் பார்த்தார். கை நுழையாத டேங்க்கைக் கழுவ முடியாது, கழுவ முடியாத டேங்க்கை வாங்குவது தினமும் அழுக்குத் தட்டில் சாப்பிடுவது மாதிரி என்று தோட்டத்து அண்ணனிடம் விளக்கினார். சல்லடை கையால் கழன்று வருகிறதா, பேட்டரியை ஸ்பேனர் இல்லாமல் எடுக்க முடிகிறதா, வாசர் தேய்ந்தால் இந்தக் கடையிலேயே கிடைக்குமா என்று வரிசையாகக் கேட்டார். அவர் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. ஒன்றின் வாய் குறுகல். மற்றொன்றின் வாய் அகலம், பட்டையும் மெத்தை வைத்தது. அகல வாய் டேங்க்கின் மேல் அவர் கை திரும்பத் திரும்பப் போயிற்று.

அப்புறம் கடைக்காரர், "சரி, தண்ணி அடிச்சுப் பாத்துடுங்க. தினமும் அடிக்கிறவராச்சே" என்றார். கதை இங்கேயும் வந்திருந்தது. கடையில் வேலை செய்பவர்களும், உரம் வாங்க வந்தவர்களும் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள்.

கடை வாசலில், வெயிலில், மாமா இரண்டு டேங்க்கிலும் தண்ணீர் ஊற்றினார். கண்ணை மூடிக்கொண்டு முதல் மெஷினால் புறங்கையில் தெளித்தார். பிறகு இரண்டாவது. பிறகு மறுபடியும் முதலாவது. கை நனைந்து, மணிக்கட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. யாரோ பின்னால் செருமினார்கள்.

மாமா கண்ணைத் திறந்து, "இங்க வா" என்று அத்தையைக் கூப்பிட்டார். அவள் கையைப் பிடித்து, புறங்கையைத் திருப்பி, குறுகிய வாய் மெஷினால் தெளித்தார்.

"என்ன தூறல், கடை வாசல்ல வெச்சு வளையல் அளவு பாக்கறியா?" என்றார் கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"எப்படி இருக்கு?" என்றார் மாமா.

"ஊசி" என்றாள் அத்தை.

அகல வாய் மெஷினை எடுத்துத் தெளித்தார். அவள் கையைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாவு."

"இதுதான்" என்றார் மாமா, தோட்டத்து அண்ணனிடம்.

திரும்பி வரும்போது துணி எடுக்க மறந்துபோனோம்.

மாமா நிரந்தர வேலைக்குப் போக ஆரம்பித்தார். புது மெஷின் தோட்டத்து மோட்டார் அறையிலேயே இருந்ததால், காலையில் வீட்டில் தண்ணீர் தெளிக்கும் சத்தம் இல்லை. அத்தை "இன்னிக்கு என்ன?" என்று கேட்பதும் நின்றுவிட்டது. நீல டேங்க்கும் வெள்ளை டேங்க்கும் ஆணியில் தொங்கின. சட்டை மட்டும் பழையபடி தனி வாளிக்கு வந்தது. அத்தை இந்த நாட்களில் அடிக்கடி டம்ளரைக் கீழே போட்டாள். பட்டன் தைக்க என்னை ஊசியில் நூல் கோக்கச் சொல்வாள், கண் தெரியவில்லை என்பாள். ஆனால் எதிர்வீட்டு மாடியில் யார் நிற்கிறார்கள் என்பதை அவள்தான் எனக்குச் சொல்வாள்.

சில வாரம் கழித்துத் தோட்டத்து அண்ணன் ஒரு தக்காளிக் கிளையைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இலைகளின் நுனியெல்லாம் பழுப்பாகக் கருகியிருந்தது. இலையைத் திருப்பிக் காட்டினார். அடியில் பூச்சி அப்படியே இருந்தது, சௌக்கியமாக.

அவர் கத்தவில்லை. மெஷினை எடுத்துத் தன் கையில் அடித்துப் பார்த்ததாகச் சொன்னார். பெரிய பெரிய துளியாக விழுகிறதாம். இலை மேல் விழுந்து வழிந்து, நுனியில் தேங்கி, அங்கேயே சுட்டிருக்கிறது. அடிப்பக்கம் ஒன்றும் போய்ச் சேரவில்லை. பிறகு கடைக்குப் போன் செய்து கேட்டிருக்கிறார். அந்த மெஷினில் மாட்டி வந்தது களைக்கொல்லி அடிக்கிற நாசில்.

"உன் பேரு தூறல்" என்றார். "இது மழைய்யா."

கிளையை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். நாளைக்கு வேலைக்கு வரலாமா கூடாதா என்று அவர் சொல்லவில்லை. மாமாவும் கேட்கவில்லை.

அத்தை பின்பக்கம் சட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். மாமா கிளையை எடுத்துக்கொண்டு போய், அவள் எதிரில், தலைகீழாகக் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தார். நான் அறைக்குள் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சன்னல் திறந்திருந்தது.

"நீ மாவுன்னு சொன்னே" என்றார் மாமா.

"ஆமா."

"அது மாவு இல்ல."

அத்தை சட்டையைப் பிழிந்தாள். மறுபடி நனைத்தாள். மறுபடி பிழிந்தாள். மாமா அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இன்னும் மெதுவாக, "உனக்குமா?" என்று கேட்டார்.

"எனக்கு ரொம்ப நாளா" என்றாள் அத்தை. "முதல்ல விரல் நுனி மரத்துப்போச்சு. இப்போ மணிக்கட்டு வரைக்கும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க சொன்னீங்களா?"

மாமா கிளையைத் தரையில் வைத்தார்.

"அப்போ எதை வெச்சு மாவுன்னே?"

"உங்க மூஞ்சியை வெச்சு. அந்த அகல வாய் உங்களுக்குப் பிடிச்சிருந்தது. நீங்க தோத்துப்போன மாதிரி நின்னீங்க, அத்தனை பேரு பாத்துட்டிருந்தாங்க. உங்களுக்குப் பிடிச்சதுக்கு மாவுன்னு சொன்னேன்." சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு வந்து, "அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு இதுக்குத்தான் போனீங்களா?" என்று கேட்டாள்.

"ம்."

"கேட்டிருக்கணும் நான். சிரிச்சுட்டு இருந்துட்டேன்."

"சிரிக்கத்தான் சொன்னேன்" என்றார் மாமா.

யாரும் அழவில்லை. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ளவும் இல்லை. பிடித்திருந்தால் இருவருக்குமே தெரிந்திருக்காது என்று எனக்கு அப்போது தோன்றியது. எழுதும்போது இது கொடுமையாக இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் எனக்குத் துக்கம் வரவில்லை. மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் மாமா நீல டேங்க்கின் பழைய நாசிலைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். என்னையும் கூட வரச்சொன்னார், ஏன் என்று சொல்லவில்லை. மோட்டார் அறை வாசலில் தோட்டத்து அண்ணன் நின்றிருந்தார். மாமா இரண்டு கைகளையும் அவர் முன்னால் நீட்டி, "கைக்குத் தெரியலைண்ணே. கொஞ்ச காலமாவே தெரியல. தெரிஞ்ச மாதிரி எடுத்துக் கொடுத்துட்டேன். நீங்க வேற ஆளைப் பாத்துக்கறதுன்னா பாத்துக்குங்க" என்றார்.

வேலை போய்விடும் என்று நினைத்தேன். மாமாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போகத் தயாராக நின்றார்.

தோட்டத்து அண்ணன் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு மாமாவின் சட்டைப்பையைப் பார்த்தார்.

"நாசில் கொண்டு வந்திருக்கியா?"

"கொண்டு வந்திருக்கேன்."

"மாத்திட்டு அந்தக் கடைசிப் பாத்தியில இருந்து ஆரம்பி. பூச்சி ஏறிட்டிருக்கு."

அவ்வளவுதான். அவர் கெட்டவர் இல்லை. சம்பளத்தைப் பிடிக்கவில்லை, கருகின செடிக்குக் கணக்குக் கேட்கவில்லை. கையைப் பற்றி மட்டும் எதுவும் கேட்கவில்லை. இத்தனை நாள் மாமா மறைத்து வைத்திருந்த விஷயம் அது. வெளியே எடுத்துக் காட்டியபோது, அதற்கு அவரிடம் ஒரு சொல்கூட இல்லை.

மாமா நாசிலை மாற்றினார். தண்ணீர் ஊற்றினார். பிறகு என் பக்கம் திரும்பி, "கையை நீட்டு" என்றார். என்னை எதற்குக் கூட்டி வந்தார் என்று அப்போதுதான் புரிந்தது. நீட்டினேன். மாவு என்று சொன்னேன். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது, குளிர்ந்த மாவைச் சலித்துக் கொட்டுவது போல.

மாலையில் இதை அத்தையிடம் சொன்னேன், ஏதோ நல்ல செய்தி சொல்வது போல. அவள் அடுப்பை அணைத்தாள். மாமா குளித்துவிட்டு வரும்வரை காத்திருந்தாள்.

"இவ கையில இனிமே அடிக்கக் கூடாது."

"வெறும் தண்ணிதான்."

"அந்த டேங்க் வழியா வந்தது எதுவும் வெறும் தண்ணி இல்ல."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அப்போ நான் எதை வெச்சுப் பாக்கறது என்று அவர் கேட்டது அவ்வளவாகக் காதில் விழவில்லை. அத்தை படுக்கையறைக்குள் போனாள். ஆணியிலிருந்து எதையோ எடுக்கும் சத்தம் கேட்டது. வீட்டில் இருந்த ஒரே கண்ணாடி, அவள் தலை சீவும் கண்ணாடி. அதைக் கொண்டுவந்து மாமாவின் மடியில் வைத்தாள்.

"கை ஊமையாயிடுச்சு. கண்ணு இருக்கில்ல?"

அந்தக் கண்ணாடி இப்போது மோட்டார் அறைச் சுவரில், மாமாவின் முகத்துக்கு நேராக இருக்கிறது. அத்தை பாத்திரத்தின் பளபளப்பில் பார்த்து வகிடு எடுக்கிறாள், அது கோணலாகத்தான் வருகிறது. ஆணியில் தொங்கிய கையுறைப் பையைப் பிரித்துவிட்டார்கள். இன்னொரு ஜோடி வாங்கி வந்து வாளிப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். இருவரும் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டு பேரும் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இந்த முறை தண்ணி அடிப்பீங்களா என்ற கேள்விக்கு மாமா இல்லை என்று சொன்னார். டாக்டர் வேலையைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார். அதே சத்து மாத்திரையைக் கொடுத்தார்.

மதியச் சாப்பாடு கொண்டுபோகிற நாளில், வேலை ஆரம்பிக்கும் முன் மாமா கண்ணாடி முன் நிற்பதைப் பார்ப்பேன். முதலில் அதில் அவர் முகம் தெரியும். அவர் தெளிப்பார். துளி பெரிதாக இருந்தால் தண்ணீர் கோடு கோடாக வழிந்து, கோடுகளுக்கு நடுவில் முகம் துண்டு துண்டாகத் தெரியும். பொடியாக இருந்தால் கண்ணாடி முழுக்க வெளுத்து, முகம் ஒரே சீராக மறைந்துவிடும். மறைந்துவிட்டால், மாவு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டேங்க்கில் மருந்தை ஊற்றுகிறார்.